மடக்குக் கத்திக்கு எந்தப் பூட்டு?

போன ஆடியில் சித்தப்பா பட்டறைக்கு வந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னையும் ஊடுபயிராக ஜாதிக்காயும் வைத்திருப்பவர். வயது 63. வலது கட்டைவிரல் கணு சரியாக மடங்காது.

"ஏங்கண்ணு, சட்டைப்பையில போட்டுக்கற மாதிரி ஒரு மடக்குக் கத்தி செஞ்சு குடு. முன்ன வெச்சிருந்தது கயிறு அறுக்கையில மடங்கி விரலைப் பாத்துருச்சு" என்று கையை நீட்டினார். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு.

அதே வாரம் லண்டனிலிருந்து அக்கா போன் செய்தாள். வேலைக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ள, மதியம் ஆப்பிள் நறுக்க, ஒரு சின்னக் கத்தி வேண்டுமாம். எனக்கும் ஒன்று செய்துகொள்ளும் ஆசை வெகுநாளாக இருந்தது. ஆக மூன்று கத்தி. மூன்றுக்கும் பிளேடு ஏறக்குறைய ஒன்றுதான்: 75 மி.மீ.க்கு உட்பட்ட நீளம், 3 மி.மீ. தடிமன், பேரிங் செய்கிற ஈ.என்.31 எஃகு, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவுகோலில் 59. மாற வேண்டியது, திறந்த பிளேடு மடங்கிவிடாமல் பிடிக்கும் பூட்டு மட்டும். எதற்கு எந்தப் பூட்டு என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. கோயம்புத்தூரில் என் பட்டறையில் இருப்பது ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெல்ட் கிரைண்டர், வைஸ், அரங்கள், எண்ணெய்க்கல். லேத் அடுத்த தெருவில். மில்லிங் மெஷின் கிடையாது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிளேடின் முதுகில், அது மடங்கும் அச்சாணியிலிருந்து 70 மி.மீ. தள்ளி, 5 கிலோ பாரம் விழுகிறது என்று வையுங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் பிளேடின் அடிப்பாகத்தைப் பட்டறையில் டேங் என்போம். பூட்டு அந்த டேங்கைப் பிடிக்கும் இடம் அச்சாணியிலிருந்து 7 மி.மீ.தான் தள்ளியிருக்கும். அங்கே விழுவது 50 கிலோ. கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிறோமே, அதே நெம்புகோல்தான், இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆட்டத்துக்கும் இதே பத்து மடங்கு உண்டு. பூட்டு டேங்கைத் தொடும் பரப்பான பூட்டு முகத்தில் 0.05 மி.மீ. தேய்ந்தால், அதாவது ஒரு தலைமுடி அளவு, பிளேடின் நுனியில் அரை மில்லிமீட்டர் ஆடும். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். அதனால் எந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தாலும் டேங்கைத் தாராளமாக வரையுங்கள். 7 மி.மீ. என்பதை 9 ஆக்கினாலே அந்த 50 கிலோ 39 ஆகிவிடுகிறது. கைப்பிடி கொஞ்சம் அகலும், பரவாயில்லை.

எது ரொம்பப் பலமான பூட்டு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கையால் செய்கிறவனுக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு என்று நினைக்கிறேன். எஃகைக் கடினப்படுத்திய பிறகும் பூட்டின் முகத்தை என்னால் எட்டித் திருத்த முடியுமா? கத்தியை மூடும்போது அதை வைத்திருப்பவரின் விரல் எங்கே இருக்கும்?

முதல் கேள்விக்குக் காரணம் உண்டு. ஈ.என்.31-ஐ 830 டிகிரி வாக்கில் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது அது நூலிழை அளவாவது அசையும். அப்புறம் அரம் அதன்மேல் ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் எவ்வளவு அழகாகப் பொருத்தியிருந்தாலும் கடைசிப் பொருத்தம் கல்லிலோ பெல்ட்டிலோதான் நடந்தாக வேண்டும். எட்டாத மூலையில் பூட்டு முகம் இருந்தால் அந்தக் கடைசிப் பொருத்தம் நடக்கவே நடக்காது.

பூட்டே இல்லாத கத்தி

ஸ்லிப் ஜாயின்ட் என்பது கைப்பிடியின் முதுகில் ஓடும் ஒரு எஃகு வில். அது டேங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். பூட்டு என்று சொல்ல முடியாது, திறந்த நிலையில் பிளேடை நிற்க வைக்கும், அவ்வளவுதான். முதுகில் பலமாகத் தட்டினால் மடங்கும். ஆனால் செய்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கத்தி இல்லை. வில்லை டேங் ஒன்றரை மி.மீ. அளவுக்குத் தூக்கும்படி அமைத்தால், திறக்க நகம் போதும், மூடும்போது ஒரு நல்ல சொடுக்கும் கிடைக்கும். வில்லை பிளேடைவிட மென்மையாக, ராக்வெல் 45 வாக்கில் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஒடியும்.

இதில் தரம் தெரிகிற இடம் முதுகு. திறந்த நிலை, பாதி மடங்கிய நிலை, மூடிய நிலை மூன்றிலும் வில்லின் முதுகு கைப்பிடித் தகட்டோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். 0.05 மி.மீ. மேடு இருந்தாலும் நகம் இடறும். டேங்கின் மூன்று பக்கங்களையும் மாற்றி மாற்றிக் கல்லில் தேய்த்து இதைக் கொண்டுவர எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பொருந்தும் முகங்கள் எல்லாம் வெளிப்புறம், எல்லாம் கல்லுக்கு எட்டும். அதனால் பிழை வந்தால் திருத்தலாம்.

அக்காவின் கத்தி இதுவாகத்தான் இருக்க முடியும், என் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனில் காரணம் எதுவும் காட்டாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளும் கத்தி மடங்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது. பூட்டு விழும் மடக்குக் கத்தியை அந்த நாட்டு நீதிமன்றங்கள் மடங்காத கத்தியோடு சேர்த்தே பார்க்கின்றன. வெளிநாட்டில் இருப்பவருக்குச் செய்கிறீர்கள் என்றால் காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்பே அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதைவிட எளிமையானதும் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் மிக்கி என்ற ஊரில் 1890களில் உருவான ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகடு, ஒரு பிளேடு, டேங்கிலிருந்து நீளும் ஒரு வால். திறந்து பிடிக்கும்போது அந்த வாலைக் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டிருக்கும், விரல்தான் பூட்டு. எனக்கு மிகவும் பிடித்த வடிவம். சித்தப்பாவின் கட்டைவிரலை நம்பி அதைக் கொடுக்க முடியாது.

லைனர் லாக் என்னும் ஆப்பு

இப்போது வருகிற மடக்குக் கத்திகளில் ரொம்பப் பரவலாகப் பார்ப்பது இதுதான். கைப்பிடியின் உள்தகட்டை நீளவாக்கில் வெட்டி, உள்ளே சற்று வளைத்து விடுகிறோம். பிளேடு முழுவதும் திறந்ததும் அந்த நாக்கு டேங்கின் பின்னால் பாய்ந்து உட்காரும். இந்த எண்ணம் பழையது. அமெரிக்காவின் கேட்டராகஸ் நிறுவனத்துக்காக 1906-லேயே காப்புரிமை பெறப்பட்டது. பிளேடை நிறுத்த ஒரு தனி ஊசி, மூடிய நிலையில் பிடித்துவைக்க ஒரு சின்னக் குண்டு என்று சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர், 1980களின் தொடக்கத்தில்.

இதை ஆப்பு என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டேங்கின் பின்முகத்தை 7, 8 டிகிரி சரிவாகத் தேய்க்கிறோம். 8 டிகிரி என்றால் ஏழு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு ஏற்றம், அதாவது 0.14. டைட்டானியம் எஃகின் மேல் உரசும் விகிதம் அதைவிட அதிகம். அதனால்தான் பிளேடை எவ்வளவு அமுக்கினாலும் நாக்கு பக்கவாட்டில் வழுக்கி வெளியே வருவதில்லை. சரிவை 12, 13 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்த வித்தியாசம் கரைந்துபோகும், கொஞ்சம் எண்ணெய் பட்டாலே நழுவலாம். ரொம்பக் குறைத்தால் ஆப்பு இறுகி, திறக்கக் கட்டைவிரல் வலிக்கும். ஆக விளையாட இடம் இரண்டு மூன்று டிகிரிதான்.

என் முதல் லைனர் லாக் இந்த இடத்தில்தான் தோற்றது. முகத்தை அரத்தால் கையிலேயே தேய்த்தேன். கண்ணுக்குத் தட்டையாக இருந்தது. விளிம்பைத் தீட்டாமல் வைஸில் மாட்டி, முதுகில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினேன். மூன்றாவது தட்டில் மடங்கிவிட்டது. கழற்றி, டேங்கின் முகத்தில் கறுப்பு மார்க்கரைப் பூசி, மாட்டி, நாலு தடவை திறந்து மூடி மறுபடி கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. மை அழிந்திருந்தது நடுவில் ஒரு மில்லிமீட்டர் பட்டையில் மட்டும். இரண்டு ஓரமும் கறுப்பாக அப்படியே இருந்தன. கை அறியாமல் அரம் முன்னும் பின்னும் சாய்ந்து, முகம் நடுவில் மேடாகிவிட்டது. ஆப்பு அந்த மேட்டின் மேல் உருண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அரத்தை அங்கே கொண்டுபோவதில்லை. கிரைண்டரின் மேசையை 8 டிகிரிக்குச் சாய்த்துப் பூட்டிவிட்டு, கடினப்படுத்திய பிறகு பிளேடைத் தட்டையாகப் படுக்க வைத்துத்தான் முகத்தைத் தொடுகிறேன். நாக்கை 0.3 மி.மீ. நீளமாகவே விட்டு, மார்க்கர் பூசி, ஒரு தேய், ஒரு சோதனை என்று வர வேண்டும். நாக்கு டேங்கின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடும்போது நிறுத்துங்கள். மீதி இடம் வருங்காலத் தேய்மானத்துக்கு. ஒரு தேய் அதிகமாகிவிட்டால் நாக்கு எதிர்த்தகடு வரை ஓடிவிடும், அந்தத் தகடு குப்பைக்குத்தான். எட்டித் திருத்த முடியும் என்பது இதன் பலம். திருத்தம் ஒரே திசையில்தான் நடக்கும் என்பது பலவீனம்.

விரல் கேள்விக்கு வருவோம். லைனர் லாக்கை மூட, கட்டைவிரலைப் பிளேடு இறங்கும் பாதையில் வைத்து நாக்கைத் தள்ள வேண்டும். பழகிய கைக்கு ஒன்றுமில்லை. கணு மடங்காத கைக்கு, அதுவும் ஜாதிக்காய் பறித்துவிட்டு ஈரத்தோடு இருக்கும் கைக்கு, இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இடதுகைக்காரர்களுக்கும் இது சங்கடம், நாக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்.

ஃபிரேம் லாக் இதே ஆப்புதான். உள்தகட்டுக்குப் பதில் 4 மி.மீ. டைட்டானியக் கைப்பிடியே நாக்காகிறது. கிறிஸ் ரீவ் 1980களின் பின்பகுதியில் தன் செபென்சா கத்தியில் கொண்டுவந்தார். ஜூலு மொழியில் அந்தப் பெயருக்கு வேலை என்று பொருள். இறுகப் பிடிக்கப் பிடிக்க நம் விரல்களே நாக்கை உள்ளே அழுத்தும் என்பது அழகான ஏற்பாடு. ஆனால் வளையும் இடத்தில் அந்த 4 மி.மீ. தகட்டைச் சீராக ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்குக் குடைய வேண்டும். டிரில்லிங் மெஷினில் கட்டரை மாட்டிச் செய்கிறவர்கள் உண்டு. டைட்டானியத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

முதுகுப் பூட்டு

லாக் பேக் பார்வைக்கு எளிது. பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 மாடல் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கைப்பிடியின் முதுகில் ஒரு எஃகுச் சட்டம், நடுவில் ஒரு ஊசியில் கிணற்றேற்றத் துலா மாதிரி ஆடும். முன்முனையில் ஒரு பல், டேங்கில் அதற்கொரு பள்ளம். பின்முனையை அமுக்கினால் பல் எழும்பி பிளேடு விடுபடும். இரண்டு கைக்கும் பொது, விரல் பிளேடின் பாதைக்கு வராமல் மூடலாம், பயன்படுத்தவும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தப்பாவுக்கு இதுதான் என்று முதலில் முடிவே செய்துவிட்டேன்.

செய்யத் தொடங்கியபோதுதான் இதன் கண்டிப்பு தெரிந்தது. பல், பள்ளம், சட்டத்தின் ஊசி, பிளேடின் அச்சாணி நாலும் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மாறினால் மற்ற மூன்றும் மாறும். ஊசித் துளையை முதலில் போடாமல், பல்லையும் பள்ளத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துக்கொண்டு கடைசியில் துளை போடுவதுதான் கைவேலைக்காரர்களின் வழி. அது ரொம்ப உதவும். பல்லைச் சற்றுக் கூம்பலாக வைத்து, பள்ளத்தின் அடி தொடாமல் இடைவெளி விட்டால், தேயத் தேயப் பல் கீழே இறங்கி ஆட்டத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். இதுவும் நல்லது. ஆனால் கடினப்படுத்தியதும் அசைந்த அந்த நூலிழையை எடுக்க, 4 மி.மீ. ஆழப் பள்ளத்துக்குள் கல்லை விட்டுத் தேய்க்க வேண்டும். என் மூன்று முயற்சியில் இரண்டில் மேலும் கீழுமாக ஆட்டம் வந்தது. ஆண்ட்ரூ டெம்கோ, கோல்ட் ஸ்டீல் நிறுவனத்துக்காக உருவாக்கிய ட்ரை ஆட் பூட்டில் பல்லுக்கும் டேங்குக்கும் இடையில் ஒரு தடுப்பு ஊசி இருந்து பாரத்தை வாங்கிக்கொள்கிறது. லாக் பேக்கின் இந்த நோய்க்கு நான் பார்த்ததிலேயே நல்ல வைத்தியம் அது. கையால் செய்ய முனைந்தால் பொருத்த வேண்டிய முகம் இன்னும் ஒன்று கூடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இறுகப் பிடிக்கும்போது உள்ளங்கையே சட்டத்தின் பின்முனையை அமுக்கிவிடலாம். டேவிட் போயே என்ற கத்திக் கலைஞர் இதற்காகவே அந்த முனையில் ஒரு குழி எடுத்தார், இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. அந்தக் குழியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். தோப்புக் கத்திக்கு வரும் பெரிய தொல்லை தூசி. பள்ளத்துக்குள் தென்னை நார் ஒரு இழை உட்கார்ந்துவிட்டால் பல் முழுதாக இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் பூட்டு விழுந்த மாதிரியே இருக்கும். சித்தப்பாவின் தழும்பு நினைவுக்கு வந்தது. இதைத் தள்ளிவைத்தேன்.

நான் ஒதுக்கியவை

குறுக்கே ஓடும் ஒரு ஊசி டேங்கைப் பிடிக்கும் குறுக்கூசிப் பூட்டு, பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் ஆக்ஸிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, மெக்ஹென்றி, வில்லியம்ஸ் இருவரின் வடிவமைப்பு. பயன்படுத்துவதற்கு எனக்கு இதைவிடப் பிடித்த பூட்டு இல்லை. விரல் பாதையிலேயே வராது, இரண்டு கைக்கும் பொது. ஆனால் இரண்டு தகட்டிலும் சாய்வான காடிகள் ஒன்றுபோல் வர வேண்டும், மெல்லிய கம்பி வில்கள் இரண்டும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். மில்லிங் மெஷின் இருப்பவர்கள் செய்யட்டும்.

க்ரிக் க்ரிக் என்று பல் பல்லாகத் திறக்கும் பூட்டு ஸ்பெயினின் நவாஹாவிலும் நம் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியிலும் புகழ்பெற்றது. அந்தச் சத்தத்துக்கு ஒரு மயக்கம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கும், பட்டனை அமுக்கினால் திறக்கும் பட்டன் கத்திக்கும் இந்தியாவில் ஒரு எச்சரிக்கை சேரும். டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய பட்டன், பற்சக்கரக் கத்திகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. பொதுவாக 2016-இன் ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான பிளேடுகளைப் பற்றி. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைத்தவை அதில் சேரா. 75 மி.மீ. தோப்புக் கத்திக்கு இவை தடையில்லை. பட்டன் மட்டும் எதற்கு வம்பு என்று விட்டேன்.

வளையம்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்திக்கு முதல் 65 வருடம் பூட்டே கிடையாது. 1955-இல் மார்செல் ஓபினெல் அதில் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார், விரோப்ளாக் என்று பெயர். கைப்பிடியின் முன்முனையில் உருளையான உலோகக் கழுத்து, அதைச் சுற்றி ஒரு இடத்தில் வெட்டுள்ள வளையம். வெட்டு கைப்பிடியின் பிளவுக்கு நேராக இருந்தால் பிளேடு ஓடும். வளையத்தைத் திருப்பினால் அதன் முழுப்பகுதி பிளவை மறைத்துக்கொள்ளும், பிளேடின் அடிமுனையான குதிகால் அந்த விளிம்பில் வந்து முட்டி நிற்கும். மூடிய நிலையிலும் பூட்டும் வசதி 2000-இல் சேர்ந்தது.

இதை நான் வெகுநாள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மலிவான கத்தியின் பூட்டு என்று நினைத்திருந்தேன். இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. பூட்டு முகம் என்பது வளையத்தின் விளிம்பு. அது வெளியே இருக்கிறது, கடினப்படுத்தாத துருப்பிடிக்காத எஃகு, சாதாரண அரம் ஏறும். விளிம்பை லேசான சரிவாகத் தேய்த்துவிட்டால் திருப்பத் திருப்ப இறுகும், இதுவும் ஆப்புதான். பொருத்தம் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் வளையத்தை மட்டும் மாற்றலாம். மற்ற பூட்டுகளில் தேய்வது டேங்கோ தகடோ, இரண்டும் கத்தியின் உயிர். இங்கே தேய்வது அரைமணி நேரத்தில் லேத்தில் கடைந்துவிடக்கூடிய ஒரு துண்டு. தூசி விழுந்தால் தண்ணீரில் அலசி ஒரு சுற்று சுற்றினால் வந்துவிடும். மூடும்போது விரல் எதுவும் பிளேடுக்குக் கீழே போக வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. ஒரு கையால் பூட்டித் திறக்க முடியாது. மரக் கைப்பிடி மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு பிளேடைக் கவ்விப்பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை அடிக்கிற ஆனைமலை ஓரத்தில் இது பெரிய விஷயம். அதனால் பிளவை பிளேடைவிட 0.4 மி.மீ. அகலமாக அறுத்து, தேக்குக் கைப்பிடியை ஆளி விதை எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தேன். ஈரக்கையில் வளையம் வழுக்குமே என்ற கவலைக்கு லேத்காரர்தான் வழி சொன்னார்: "சார், நர்லிங் போட்டுக் குடுத்துடறேன்." வளையத்தின் மேல் சொரசொரப்பான வைரக்கட்டம். எண்ணெய்க் கையிலும் இரண்டு விரலில் திரும்புகிறது, கட்டைவிரல் மடங்கத் தேவையில்லை.

வளையத்தில் கவனிக்க வேண்டியது கழுத்தின் காடி. வளையம் 1.2 மி.மீ. தகடு என்றால் காடி அதைவிட 0.05 மி.மீ. மட்டும் அதிகமாக இருக்க வேண்டும். நான் முதலில் 0.2 விட்டுவிட்டேன், வளையம் முன்னும் பின்னும் அசைந்தது. இரண்டாவது கழுத்தைக் கடைந்த பிறகு, வைஸில் மாட்டி அதே மரக்கட்டையால் முதுகில் முப்பது தட்டு தட்டினேன். மார்க்கர் மை வளையத்தின் விளிம்பில் ஒரே சீராக 4 மி.மீ. நீளத்துக்கு அழிந்திருந்தது. அதற்கப்புறம்தான் பிளேடைத் தீட்டினேன்.

அக்காவின் கத்தி ஸ்லிப் ஜாயின்ட், 68 மி.மீ. விளிம்பு. எனக்கு லைனர் லாக், நாலாவது தகட்டில் சரியாக வந்தது. சித்தப்பாவுக்கு வளையம். தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது வாங்கிப் பார்த்தேன். பிளேடில் ஜாதிக்காய்க் கறை, வளையத்தின் விளிம்பில் குதிகால் முட்டும் இடத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு. ஆட்டம் இல்லை. இரண்டாவது வளையம் ஒன்றைக் கடைந்து கையோடு கொண்டுபோயிருந்தேன். "இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார்.